காலிமுகத்திடலில் நிற்கும்போது போன் ஏன் மைனஸ் 92 மீட்டர் காட்டுகிறது?

வெள்ளவத்தையில் இருக்கிற ஒரு தம்பியின் கேள்வி இது: "அண்ணா, காலிமுகத்திடலில் நின்றுகொண்டு போனில் உயரம் காட்டுகிற ஆப்பைப் பார்த்தேன். மைனஸ் 92 மீட்டர் என்றது. தங்கச்சியின் ஐபோனில் 5 மீட்டர். என்ட போன் பழுதா? இலங்கைக்குத் தெற்கே கடலில் ஈர்ப்பு ஓட்டை ஒன்று இருக்குதாம், அதால்தான் இப்படி என்று மாமா சொல்கிறார். அப்படியென்றால் எங்கட நிறையும் குறையுமா? கப்பல்கள் அதற்குள் போகாதா? கொழும்பில் வற்றுப்பெருக்கு பெரிதாகத் தெரியாததும் அதனாலேயா?"

போன் பழுதில்லை, தம்பி. தங்கச்சியின் போனும் சரி, உங்களுடையதும் சரி. இரண்டும் வேறு வேறு பூச்சியத்திலிருந்து அளக்கின்றன, அவ்வளவுதான். மாமா சொன்னதிலும் பெரும்பகுதி உண்மை. ‘ஓட்டை’ என்ற சொல்லை எங்கேயோ ஒரு யூடியூப் தலைப்பில் பிடித்திருப்பார், அதை விட்டுவிடலாம். வற்றுப்பெருக்கு விஷயத்தில் மட்டும் உங்களோடு உடன்பட முடியாது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் போன். கடல் எங்கே இருக்கிறது என்று போனுக்குத் தெரியாது. ஜிபிஎஸ் செய்மதிகள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றிலிருந்து வரும் சமிக்ஞை எவ்வளவு நேரம் பயணம் செய்தது என்பதை வைத்து, குறைந்தது நான்கு செய்மதிகளின் கணக்கைச் சேர்த்து, பூமியின் மையத்திலிருந்து நாம் எந்தத் திசையில் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதைப் போன் கண்டுபிடிக்கிறது. அதற்குக் கிடைப்பது அந்த ஒரு விடைதான். ஆனால் "நீங்கள் பூமியின் மையத்திலிருந்து 6,377 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறீர்கள்" என்று சொன்னால் யாருக்கு என்ன பயன்? அதனால் பூமிக்கு ஒரு மாதிரி வடிவத்தை வைத்துக்கொண்டு, அதன் மேற்பரப்புக்கு மேலே எத்தனை மீட்டர், கீழே எத்தனை மீட்டர் என்று மாற்றிச் சொல்கிறது.

அந்த மாதிரி வடிவம் மேலும் கீழும் சற்று அமுங்கிய ஒரு உருண்டை. பெயர் டபிள்யூஜிஎஸ் 84. மையத்திலிருந்து மத்திய கோட்டுக்கு 6,378.137 கிலோமீட்டர், துருவத்துக்கு 6,356.752 கிலோமீட்டர். இரண்டுக்கும் நடுவில் 21 கிலோமீட்டர் வித்தியாசம். பூமி தன்னைத்தானே சுற்றுவதால் இடுப்புப் பகுதி வெளியே தள்ளியிருக்கிறது. கணக்குப் போட மிக வசதியான, மேடு பள்ளம் இல்லாத வழவழப்பான உருவம். ஆனால் உண்மையான கடல் அந்த உருவத்தோடு சரியாகப் பொருந்தி நிற்பதில்லை. சில இடங்களில் அதற்கு மேலே நிற்கிறது, சில இடங்களில் கீழே. கொழும்பில் கீழே, நூறு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. காலிமுகத்திடலில் கடலுக்கு ஒரு நாலைந்து மீட்டர் மேலே நீங்கள் நின்றிருப்பீர்கள். அதைக் கூட்டிக் கழித்தால் மைனஸ் 92 என்பது நல்ல விடை. ஜிபிஎஸ்ஸில் உயரக் கணக்கு சும்மாவே ஐந்து, பத்து மீட்டர் ஆடும், ஏனென்றால் செய்மதிகள் எல்லாம் தலைக்கு மேலேதான் இருக்கின்றன, காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

அப்போ தங்கச்சியின் போன் எப்படி 5 என்றது? ஐபோன் ஒரு வேலை கூடுதலாகச் செய்கிறது. உலகின் எந்த இடத்தில் கடல்மட்டம் அந்த உருண்டைக்கு எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று ஏற்கெனவே அளந்து தயாரித்த அட்டவணைகள் உண்டு. இஜிஎம் 96, இஜிஎம் 2008 என்பவை பிரபலமானவை. அந்த மாதிரி ஒரு திருத்தத்தைச் செய்த பிறகுதான் ஐபோன் உயரத்தைக் காட்டுகிறது. ஆண்ட்ராய்டில் ஆப் செய்கிறவர் கேட்டதும் கிடைக்கிற உயரம் நீண்ட காலமாகவே அந்த உருண்டையிலிருந்து அளந்த உயரம்தான். கடல்மட்டத்திலிருந்து அளந்த உயரத்தை ஆண்ட்ராய்டே தனியாகக் கொடுக்கத் தொடங்கியது 14ஆம் பதிப்பில். ஆப் செய்தவர் அதைக் கவனிக்காவிட்டால், அல்லது செய்தவர் இருக்கிற ஊரில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாவிட்டால், நமக்கு இப்படி மைனஸ் வரும்.

இது வெறும் கோளாறு இல்லை என்பதை நீங்களே பார்க்கலாம். பதுளை ரயிலில் போகும்போது பட்டிப்பொலவில் அதே ஆப்பைத் திறந்து பாருங்கள். அந்த நிலையம் 1,891 மீட்டரில் இருக்கிறது. உங்கள் போன் 1,800ஐ ஒட்டி ஏதோ ஒன்று காட்டும். கடற்கரையில் எவ்வளவு குறைந்ததோ, மலையிலும் ஏறக்குறைய அவ்வளவே குறையும். லண்டனில் உங்கள் சொந்தக்காரர் இதே ஆப்பைத் திறந்தால் எதிர்மாறாக 45 மீட்டர் அளவு கூடக் காட்டும். டொரொன்டோவில் 36 மீட்டர் அளவு குறையும். தமிழ்நாட்டில் நம்மைப் போலவே பெரிய மைனஸ்தான்.

(இடையில் ஒன்று. சில போன்களில் காற்றமுக்கமானி இருக்கும், அவை காற்றின் அமுக்கத்தை வைத்தும் உயரம் சொல்லும். அதில் வேறொரு வேடிக்கை. நமது வலயத்தில் காற்றமுக்கம் தினமும் காலை பத்து மணியளவில் ஏறி, பின்னேரம் நாலு மணியளவில் இறங்கும். இரவும் அதே கதை. வெயில் வளிமண்டலத்தைச் சூடாக்குவதால் வருகிற அலை அது. வித்தியாசம் மூன்று ஹெக்டோபாஸ்கல் (காற்றமுக்கத்தை அளக்கிற அலகு) வரை போகும். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு எட்டு, ஒன்பது மீட்டர் என்று கணக்கு வைத்தால், காலையிலிருந்து நின்ற இடத்தில் நின்றுகொண்டே பின்னேரம் ஒரு 25 மீட்டர் ‘ஏறி’ விடுவீர்கள்.)

சரி, இப்போது உண்மையான கேள்வி. கொழும்பில் கடல் நிஜமாகவே அவ்வளவு தாழ்வாக இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் ‘தாழ்வு’ என்றதும் நம் மனதில் ஒரு பள்ளம் வருகிறது, பள்ளம் என்றதும் தண்ணீர் அதற்குள் ஓட வேண்டும் என்று தோன்றுகிறது. அங்கேதான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள்.

வீடு கட்டுகிற இடத்தில் மேசன்மார் மட்டம் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். உள்ளே இருப்பது தெரிகிற நீளமான குழாய், அதற்குள் தண்ணீர். ஒருவர் ஒரு மூலையில் பிடிப்பார், இன்னொருவர் மறு மூலையில். இரண்டு பக்கத்திலும் தண்ணீர் நிற்கிற கோடுதான் மட்டம். யாரும் பூமியின் மையத்திலிருந்து தூரத்தை அளப்பதில்லை. இப்போது அந்தக் குழாயைக் காலிமுகத்திடலிலிருந்து நியூகினியா வரை நீட்டியதாக வைத்துக்கொள்வோம். நியூகினியாப் பக்கத்தில் கடல் அந்த மாதிரி உருண்டைக்கு மேலே 80 மீட்டருக்குக் கூடுதலாக நிற்கிறது. கொழும்புக்கும் அதற்கும் வித்தியாசம் தாமரைக் கோபுரத்தின் பாதி உயரத்தைத் தாண்டும். ஆனாலும் குழாயின் இரு முனையிலும் தண்ணீர் அந்தந்தக் கடலின் மட்டத்திலேயே நிற்கும். ஒரு பக்கமிருந்து மறுபக்கம் ஓடாது. ஏனென்றால் தண்ணீருக்கு மேல், கீழ் என்பதெல்லாம் ஈர்ப்பு சொல்வதுதான். எந்த இடத்திலும் தூக்குக்குண்டு தொங்குகிற திசைக்குச் சரியாகக் குறுக்காகத் தண்ணீர் படுத்துக்கொள்ளும். உருண்டையோடு ஒப்பிட்டால் அது மேடாகவோ தாழ்வாகவோ தெரியலாம், தண்ணீரின் கணக்கில் அது தட்டையான இடம்.

இதை நம்ப மனம் வராவிட்டால் இன்னும் பெரிய எண் ஒன்று தருகிறேன். கொழும்புக் கடலின் மேற்பரப்பு, வட துருவக் கடலின் மேற்பரப்பை விடப் பூமியின் மையத்திலிருந்து ஏறத்தாழ 21 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. 21 கிலோமீட்டர்! எவரெஸ்ட் இரண்டை அடுக்கினாலும் எட்டாது. ஆனாலும் நமது கடல் வடக்கே வடிந்து ஓடவில்லை. பூமி சுழல்வதையும் சேர்த்த மொத்தக் கணக்கில் இரண்டும் ஒரே மட்டம்.

எனவே கப்பல்கள் விழாது, சறுக்காது. நியூகினியாவுக்குப் போகிற கப்பல் அந்த ‘ஏற்றத்துக்காக’ ஒரு சொட்டு எண்ணெயும் கூடுதலாக எரிக்காது. பார்த்தாலும் தெரியாது, சராசரியாக முப்பது, நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற அளவில்தான் சரிவு.

அடுத்தது, ஏன் நமது பக்கத்தில் தாழ்கிறது? இதில் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள்: ஈர்ப்பு கூடிய இடத்தில் கடல் கீழே இழுபட்டுத் தாழும், குறைந்த இடத்தில் உயரும் என்று. நடப்பது எதிர்மாறு. அடியில் திணிவு கூடிய இடம் சுற்றியுள்ள தண்ணீரைப் பக்கவாட்டில் தன்பக்கம் இழுக்கும். தண்ணீர் அங்கே குவியும். திணிவு குறைந்த இடத்திலிருந்து தண்ணீரைச் சுற்றுப்புறம் இழுத்துக்கொள்ளும், கடல் தாழும். கடலுக்கடியில் இரண்டு கிலோமீட்டர் உயரமான மலை இருந்தால், அதற்கு மேலே கடல் ஒரு இரண்டு மீட்டர் அளவு உப்பி நிற்கும். செய்மதியிலிருந்து ரேடார் மூலம் கடலின் மேற்பரப்பை அளந்து, அந்த உப்பல்களை வைத்தே கடலடி மலைகளைக் கண்டுபிடிக்கிறார்கள். வால்டர் ஸ்மித், டேவிட் சாண்ட்வெல் என்ற இருவரும் 1997இல் உலகக் கடலடி முழுவதற்கும் இப்படி ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். கூகுள் எர்த்தில் கடலுக்கடியில் தெரிகிற மலைத்தொடர்களில் பெரும்பகுதி யாரும் கப்பலில் போய் அளந்தவை அல்ல, கடலின் மேற்பரப்பு சொன்னவை. எனக்கு இந்த முழு விஷயத்திலும் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

இலங்கைக்குத் தெற்கே இருப்பது அப்படி ஒரு தாழ்வு, ஆனால் பிரம்மாண்டமானது. உலகிலேயே மிகப் பெரியது. நடுப்பகுதியில் கடல் அந்த உருண்டைக்கு 106 மீட்டர் கீழே நிற்கிறது, பரப்பு முப்பது லட்சம் சதுர கிலோமீட்டருக்குக் கிட்ட. நாம் அதன் வடக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். இதைக் கண்டுபிடித்தவர் வெனிங் மைனஸ் என்ற ஒல்லாந்து விஞ்ஞானி, 1948இல். (பெயரிலேயே மைனஸ் இருக்கிறது என்று சிரிக்காதீர்கள்.) இரண்டு மீட்டரைத் தாண்டிய உயரமான மனிதர். இருந்தும் ஈர்ப்பை அளப்பதற்காக ஊசல்களைத் தூக்கிக்கொண்டு நீர்மூழ்கிக் கப்பல்களுக்குள் மாதக்கணக்கில் குனிந்து வாழ்ந்தார். மேலே கப்பல் ஆடும், ஊசல் வேலை செய்யாது. கீழே போனால் அமைதி. இன்று அந்த வேலையைச் செய்மதிகள் செய்துவிட்டன. 2002இல் ஏவிய கிரேஸ் இரட்டைச் செய்மதிகளும், 2009 முதல் 2013 வரை பறந்த கோச்சே செய்மதியும் பூமி முழுவதன் ஈர்ப்பையும் வரைந்து கொடுத்தன.

அடியில் என்ன குறைகிறது என்பதற்கு விடை அவ்வளவு எளிதாகக் கிடைக்கவில்லை. மலை இருந்தால் ஈர்ப்பு கூடும், இல்லாவிட்டால் குறையும் என்ற நேர்க்கணக்கு வேலை செய்யாது என்பது இந்தியாவிலேயே தெரிந்த விஷயம். அங்கே நடந்த பெரிய நில அளவையில், இமயமலைக்குக் கிட்டப் போகப் போகத் தூக்குக்குண்டு மலைப்பக்கம் சாய்கிறதா என்று பார்த்தார்கள். கல்கத்தாவின் ஆர்ச்டீக்கனாக (மூத்த பாதிரியாராக) இருந்த ஜோன் பிராட் கணக்குப் போட்டார்: இமயத்தின் பாறை அவ்வளவுக்கும் பாகையின் மூவாயிரத்து அறுநூறில் ஒரு பங்கை அலகாக வைத்தால் 15 அலகு சாய வேண்டும். அளந்தபோது வந்தது 5 அலகுதான். 1855இல் ஜோர்ஜ் ஏரி என்ற ஆங்கிலேய வானியலாளர் அதற்கு விளக்கம் சொன்னார். மலைக்குக் கீழே வேர் போல இலேசான பாறை ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது, மேலே கூடியதைக் கீழே குறைந்தது சமன் செய்துவிடுகிறது. ஆகவே இந்துசமுத்திரத் தாழ்வுக்கும் காரணத்தைக் கடலடியில் தேடிப் பயனில்லை, மிக ஆழத்தில் தேட வேண்டும்.

2023இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த தேபாஞ்சன் பால், ஆத்ரேயி கோஷ் இருவரும் ஒரு விளக்கத்தை வெளியிட்டார்கள். இந்தியாவும் இலங்கையும் ஒரு காலத்தில் தெற்கே கொண்ட்வானா என்ற பெருநிலத்தில் ஒட்டியிருந்தவை. அங்கிருந்து பிரிந்து வடக்கே வந்தபோது நடுவில் டெதிஸ் என்ற சமுத்திரம் இருந்தது. ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா ஆசியாவில் போய் மோதியது, டெதிஸ் மூடிக்கொண்டது. அந்தச் சமுத்திரத்தின் அடித்தளப் பாறைத் தட்டுகள் எங்கே போயின? பூமிக்குள் மூழ்கின. புவியோட்டுக்குக் கீழே, நடுக்கருவுக்கு மேலே இருக்கிற 2,900 கிலோமீட்டர் ஆழமான பாறைப் படையை மேன்டில் என்கிறார்கள். திண்மமான பாறைதான், ஆனால் கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல மெல்ல ஓடும். மூழ்கிய தட்டுகள் அதன் அடிவரை இறங்கி, ஆப்பிரிக்காவுக்குக் கீழே கிடந்த மிகச் சூடான பொருளை அசைத்துவிட்டன. அது இந்துசமுத்திரத்துக்குக் கீழே மேலெழுந்து வந்தது. சூடானது, ஆகவே இலேசானது. ஏறத்தாழ 300 முதல் 900 கிலோமீட்டர் ஆழத்தில் இன்று இருக்கிற அந்த இலேசான பாறைதான் கடலைத் தாழ வைக்கிறது என்பது அவர்களின் முடிவு. இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய உருவத்துக்கு வந்ததாம். கணினியில் ஓட்டிப் பார்த்த கதை இது. அந்தச் சூடான பாறையை நில அதிர்வு அலைகளில் தெளிவாகக் காட்டினால்தான் ஏற்போம் என்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இந்த விளக்கம் பொருந்தி வருகிறது போலத் தோன்றுகிறது, ஆனால் வழக்கு இன்னும் முடியவில்லை.

நிறை பற்றிய கேள்விக்கு வருவோம். குறையும், ஆனால் இந்தத் தாழ்வால் குறைவது சில கிராம். 60 கிலோ ஆளுக்கு மூன்று கிராம் அளவு. ஒரு மிடறு தண்ணீர் குடித்தாலே அது போய்விடும். நாம் மத்திய கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் குறைவதுதான் கணக்கில் வருகிற தொகை. துருவத்தில் ஈர்ப்பு 9.832, மத்திய கோட்டில் 9.780, கொழும்பில் 9.781 அளவு. உங்கள் வீட்டு டிஜிட்டல் நிறை மெஷினை அப்படியே லண்டனுக்குக் கொண்டுபோய் ஏறி நின்றால், 60 கிலோ ஆளுக்கு 190 கிராம் கூடக் காட்டும். சாப்பாடு காரணமில்லை என்று முதல் நாள் மட்டும் சொல்லிக்கொள்ளலாம்.

இதைக் கேட்டதும் செட்டியார்தெருவில் நகை வாங்கி லண்டனில் விற்றால் இலாபமா என்று ஒருவர் கேட்பார், கட்டாயம் கேட்பார். இல்லை. நகைக்கடைத் தராசை அது இருக்கிற இடத்திலேயே தெரிந்த படிக்கல்லை வைத்துச் சரிசெய்கிறார்கள். படிக்கல்லுக்கும் நகைக்கும் ஈர்ப்பு ஒன்றேதான், ஆகவே அளவாவது திணிவு. இரண்டு தட்டுத் தராசு என்றால் அந்தச் சரிசெய்தலும் தேவையில்லை.

இவ்வளவு சிறிய ஈர்ப்புக் குறைவு எப்படி நூறு மீட்டர் தாழ்வை உண்டாக்குகிறது என்று உங்களுக்குத் தோன்றினால், நல்ல கேள்வி. குறைவு சிறியது, ஆனால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது. கடல் எவ்வளவு தாழும் என்பது அவ்வளவு தூரத்துக்கும் சேர்ந்த கூட்டுத்தொகை. ஜாவாவுக்குத் தெற்கே இருக்கிற ஆழமான அகழியில் ஈர்ப்பு இதைவிடக் கூர்மையாகக் குறைகிறது. ஆனால் அகழி ஒடுக்கமானது, அதனால் அங்கே கடல் தாழ்வது இதைவிடக் குறைவு.

வற்றுப்பெருக்குக்கு வருகிறேன். கொழும்பில் பூரணை, அமாவாசையை ஒட்டிய நாட்களில்கூடக் கடல் ஏறி இறங்குவது 60, 70 சென்ரிமீட்டர் அளவுதான். மற்ற நாட்களில் அதிலும் குறைவு. வெள்ளவத்தையில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் நின்று பார்க்கிறவருக்கு அலையா பெருக்கா என்றே பிரித்தறிய முடியாது. ஆனால் இதற்கும் ஈர்ப்புத் தாழ்வுக்கும் சம்பந்தம் இல்லை. வற்றுப்பெருக்கை உண்டாக்குவது சந்திரனும் சூரியனும். பூமி முழுவதையும் அவை இழுக்கும்போது கிட்ட இருக்கிற பக்கத்துக்கும் தூர இருக்கிற பக்கத்துக்கும் இடையில் வருகிற வித்தியாசம்தான் காரணம். அதில் நம் கடலுக்கடிப் பாறைக்கு வேலை இல்லை. சந்திரனைப் பின்தொடர்ந்து ஒரு தண்ணீர் மேடு உலகைச் சுற்றி வருவதாகப் பாடப்புத்தகத்தில் ஒரு படம் இருக்கும். கண்டங்கள் குறுக்கே நிற்கும்போது அப்படி எப்படிச் சுற்றும்? நிஜத்தில் ஒவ்வொரு சமுத்திரத்திலும் அந்த நீண்ட அலை சில நிலையான புள்ளிகளைச் சுற்றி வலம் வருகிறது. அந்தப் புள்ளிகளில் ஏற்ற இறக்கமே இராது, விலக விலகக் கூடும். ஆழம் குறைந்து, கரை ஒடுங்கி, குடா போல உள்ளே போகிற இடங்களில் அது பெருகும். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் பத்து மீட்டருக்கு மேல் ஏறி இறங்குவது அதனால்தான். நமது தீவுக்கு அப்படி வாய் திறந்த குடா இல்லை. ஆழமற்ற கண்டமேடையும் சராசரியாக இருபது கிலோமீட்டரோடு முடிந்து, கடல் சடாரென்று ஆழமாகிவிடுகிறது. வருகிற சிறிய அலையைப் பெரிதாக்க இங்கே ஒன்றும் இல்லை.

2004 சுனாமிக்கும் இதற்கும் முடிச்சுப் போடுகிற வீடியோக்களும் சுற்றுகின்றன. சம்பந்தம் இல்லை. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி உடைந்தது, அலை இரண்டு மணித்தியாலத்தில் நமது கிழக்குக் கரைக்கு வந்தது. அலையின் வேகத்தைத் தீர்மானிப்பது கடலின் ஆழம். காலநிலை மாற்றத்தால் கடல் ஏறும்போது இந்தத் தாழ்வு ‘நிரம்பி’ நாம் தப்பிவிடுவோம் என்று ஒருவர் எழுதியிருந்தார். நிரம்புவதற்குப் பள்ளம் ஒன்றும் இல்லை என்பதை மேலேயே பார்த்துவிட்டோம்.

இதெல்லாம் யாருக்கு உண்மையிலேயே தேவைப்படுகிறது என்றால் நில அளவையாளருக்கும் பொறியியலாளருக்கும். வெள்ளவத்தைக் கால்வாய் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று திட்டமிடுகிறவர் ஜிபிஎஸ் கொடுத்த உயரத்தை அப்படியே எடுத்தால் மாட்டிக்கொள்வார். தாழ்வின் அளவு தீவுக்குள்ளேயே இடத்துக்கு இடம் சில மீட்டர் மாறுகிறது. கொழும்பு போன்ற தட்டையான நகரத்தில் வெள்ளம் எங்கே தேங்கும், எங்கே வடியும் என்பதை அரை மீட்டர் தீர்மானித்துவிடும். அதனால்தான் நில அளவைத் திணைக்களம் பழைய காலத்திலிருந்து துறைமுகங்களில் கடல் ஏற்ற இறக்கத்தை ஆண்டுக்கணக்கில் அளந்து சராசரி எடுத்து, அங்கிருந்து மட்டக்கருவியால் படிப்படியாக மலைநாடு வரை உயரத்தைக் கொண்டுபோனது. பிதுருதலாகல 2,524 மீட்டர் என்று நாம் படித்தது அந்தக் கடல்மட்டத்திலிருந்துதான். பழைய இலங்கை வரைபடங்களின் அகலாங்கு, நெட்டாங்கும் ஜிபிஎஸ்ஸோடு பொருந்தாது. அவை 1830இல் ஜோர்ஜ் எவரெஸ்ட் கணித்த வேறொரு உருண்டையை வைத்து, நீர்கொழும்புக்குப் பக்கத்துக் கந்தவலவைத் தொடக்கமாகக் கொண்டு வரைந்தவை.

உங்களுக்கு இப்போதைக்குத் தேவையானது ஒன்றுதான். ஆப்பின் அமைப்புகளுக்குள் போய்க் கடல்மட்டம் அல்லது ஜியோயிட் (ஈர்ப்பு தீர்மானிக்கிற அந்தக் கடல்மட்ட வடிவத்தின் பெயர்) என்று ஏதாவது தெரிவு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் வேறு ஆப் தேட வேண்டாம், காட்டுகிற எண்ணோடு 97ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். கொழும்புக்குள் எங்கே நின்றாலும் அது போதும்.